காரைக்கால் வரைக்கும் நின்றபடியே

கையில் ஒரு எலுமிச்சம்பழம். நகத்தால் கீறிக் கீறி அதன் தோலெல்லாம் கோடு கோடாகிவிட்டது. மடியில் ஈரத் துண்டு. நாக்குக்கு அடியில் நார்த்தங்காய் ஊறுகாய்த் துணுக்கு. இடுப்பில் காகிதத்தில் மடித்துச் செருகிய இஞ்சி மரப்பா. வயிற்றில் மட்டும் ஒன்றுமில்லை. முந்தின நாள் மத்தியானத்தோடு சோற்றை நிறுத்தியிருந்தேன்.

இத்தனை ஆயுதத்தோடு புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில், காரைக்கால் போகிற காலை பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பஸ் இன்னும் கிளம்பவே இல்லை. எனக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது.

பக்கத்தில் என் வீட்டுக்காரர். அவர் காலடியில் இரண்டு மூங்கில் கூடை.

"வண்டி நின்னுக்கினுதானடி இருக்குது. அதுக்குள்ள ஏன் கண்ண மூடற?"

"நீ பேசாதய்யா. பேசினா வெத்தல வாசன வருது."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், அன்று முழுக்க அவர் வெற்றிலையே போடவில்லை.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு வருஷம் ஏது? இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். மில்லில் எங்கள் ஷெட்டுக்கு டியூப் லைட் போட்டார்கள், அதற்கு அடுத்த வருஷம். என் மூத்த பெண் கஸ்தூரி ஒன்பது மாசம். காரைக்காலில் மாமியார் வீட்டில் இருந்தாள். அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வரத்தான் போகிறோம். நான் போய் நின்றால்தான் அவளை அனுப்புவார்கள். அதனால்தான் இந்த எலுமிச்சம்பழம்.

கால் இருக்கையில் பஸ் எதற்கு

என் உடம்புக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு தடவை விழுப்புரத்தில் ஒரு சாவுக்குப் போனோம். நான் வாந்தி எடுத்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்து, செத்தவரின் மேல் உயிரையே வைத்திருந்த பெண் என்று ஊரார் பரிதாபப்பட்டார்கள். செத்தவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் நடைதான். உப்பளத்தில் எங்கள் வீடு. என் தங்கையைக் கட்டிக் கொடுத்தது பிள்ளைச்சாவடியில். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் கிளம்பி, குருசுக்குப்பம் வழியாகக் கடலோரமாகவே போய்ச் சேர்ந்துவிடுவேன். போகும்போது அவளுக்கு முருங்கைக்காய், வரும்போது எனக்குக் கருவாடு. என்னைத் தாண்டி பஸ் போகும். பஸ்ஸிலிருந்து தெரிந்தவர்கள் கையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். அந்த டீசல் புகை வந்து முகத்தில் அடிக்கும் பாருங்கள், அதற்கே ஒரு ஓரமாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே நடப்பேன்.

"உங்க அக்கா பஸ்ஸு காசுலயே ஒரு மாடி கட்டிடுவாடி" என்று தங்கையின் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். அவர் வீட்டில் எனக்கென்று எடுத்து வைக்கும் வறுத்த நெத்திலிக்காக எதையும் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா மாமா இருந்தார். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவர் சைகோனுக்குக் கப்பலில் போனவர். கப்பலில் ஏறிய நாளிலிருந்து இறங்கிய நாள் வரைக்கும் குடலே வெளியே வந்துவிட்டதாம். அவரிடம் என் வீட்டுக்காரர் போய் வைத்தியம் கேட்டார்.

"ஒரு மொடக்கு கொனியாக் பிராந்தி. அவ்வளவுதான். வயிறு கல்லு மாதிரி ஆயிடும்" என்று சொல்லி, சின்ன மருந்து பாட்டிலில் ஊற்றியே கொடுத்துவிட்டார்.

அதை எடுத்துக்கொண்டு இவர் தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வந்து சேருவதற்குள் பாட்டில் காலி.

"எங்கய்யா மருந்து?"

"உனக்குக் குடுக்கறதுக்கு முந்தி எனக்கு ஒத்துக்குதான்னு பாத்தேன்."

"ஒத்துக்கிச்சா?"

"சூப்பரா ஒத்துக்கிச்சு."

அதோடு அந்த வைத்தியம் முடிந்தது.

மூக்கை மூடிய முந்தானை

இப்போது ஒரு மனக்குறையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏன் இரண்டு வருஷம் என் பெண் வாழும் வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று நீங்களும் தப்பாக நினைப்பீர்கள்.

கஸ்தூரி கல்யாணம் எங்கள் ஊரில்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் காரைக்காலிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். வேன் வந்து நின்றதும் ஆரத்தித் தட்டோடு ஓடினேன். சம்பந்தியம்மா இறங்கினார்கள். நல்ல உயரம், நல்ல நிறம், மூக்கில் இரண்டு பக்கமும் பேசரி. முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தார்கள். "வாங்க சம்பந்திம்மா" என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போய் ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சரி, களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். பந்தியில் இலை போட்டு உட்கார வைத்தோம். சாம்பார் வாளி கிட்டே வந்ததும் மறுபடி முந்தானை மூக்குக்குப் போனது. ஒரு பருக்கை தொடவில்லை. எழுந்து போய்விட்டார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மில்லில் வேலை பார்க்கிறவள் வீடு. எங்கள் புடவையில் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் வாசனை வீசும்தான். அதற்காக மூக்கை மூடுவதா? இலையை விட்டு எழுவதா?

மில்லில் என்னோடு நூல் சுற்றும் அஞ்சலை அன்று பந்தி பரிமாறினாள். அவள் வேறு ஏற்றிவிட்டாள். "பணக்காரங்களாட்டம் இன்னா ஒரு பிகு பாத்தியா? நீ அந்த வாசப்படிய மிதிக்காத."

நான் மிதிக்கவில்லை. பாதிக் காரணம் அந்தக் கோபம். மீதிக் காரணம் பஸ். எது பெரிய பாதி என்று கேட்டால் பஸ்தான். ஆனால் பஸ்ஸைச் சொன்னால் சிரிப்பார்கள், கோபத்தைச் சொன்னால் மரியாதை. அதனால் கேட்டவர்களிடம் எல்லாம் கோபத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன். தீபாவளி, பொங்கல் வரிசைக்கெல்லாம் என் வீட்டுக்காரரே போய் வந்தார்.

ஒன்பதாம் மாசம் அழைக்க நாள் கேட்கப் போனவர், திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"சம்பந்தியம்மா ஒரே பேச்சா சொல்லிட்டாங்க. பெத்தவளே வந்து கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போனா அனுப்புவாங்களாம். இல்லன்னா பிரசவம் அங்கியே ஆவட்டும்னு சொல்றாங்க."

"கஸ்தூரி இன்னா சொன்னா?"

அவர் அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"என் கூடவே வாசல் வரைக்கும் வந்தா. 'அம்மா வர மாட்டாங்க இல்லப்பா'ன்னா. அவ்ளோதான்."

கஸ்தூரி பிறந்தபோது எனக்கு அம்மா இல்லை. மாமியார் வீட்டில்தான் பெற்றேன். எல்லோரும் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் வலி எடுத்தபோது யார் பேரைச் சொல்லிக் கத்துவது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அது என் பெண்ணுக்கும் வேண்டாம்.

"எந்த பஸ்ஸு?" என்று கேட்டேன்.

ஏழு தூக்கு

எங்களில் பெண்ணை அழைக்கப் போகும்போது கட்டுச்சோறு கொண்டு போக வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, மாங்காய், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சோறு என்று ஏழு வகை. தயிர்ச்சோற்றைத் தயிரில் பிசையக் கூடாது. பாலில் குழைத்து ஒரு கரண்டி மோரைத் தெளித்துவிட வேண்டும். பஸ் ஊர் போய்ச் சேருவதற்கும் அது தயிராவதற்கும் சரியாக இருக்கும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். வெறும் பஸ்ஸுக்கே குடல் புரளும் மனுஷி நான். என் காலடியில் நல்லெண்ணெயும் பெருங்காயமும் வெல்லமும் நெய்யும் ஏழு தூக்குச்சட்டியில் ஆவி விட்டுக்கொண்டு வருகின்றன. வழக்கம் வைத்தவர்கள் எல்லாம் நடந்து போன காலத்து ஆட்கள் போலிருக்கிறது.

தவளக்குப்பம் வரைக்கும் தாக்குப் பிடித்தேன். பஸ் ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கி இப்படி ஒரு வளை வளைந்தது. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். நார்த்தங்காய் முதலில் போயிற்று. பக்கத்தில் சைக்கிளில் வந்த ஒருவர் நல்லவேளையாக எட்டிப் போய்விட்டார். அவர் சொன்ன வார்த்தை மட்டும் என்னை வந்து சேர்ந்தது. பேத்தி அதை எழுத மாட்டேன் என்கிறாள்.

கடலூர் வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை. வயிற்றில் ஒன்றும் இல்லாமலே எடுக்கும் வாந்தி இருக்கிறதே, அது சாப்பிட்டு எடுப்பதைவிட மோசம்.

கடலூரில் பஸ் நின்றது. என்னால் இனி முடியாது என்று தெரிந்துவிட்டது.

"நீ போய்யா. நான் எறங்கி நடந்து ஊட்டுக்குப் போறேன்."

"வெளயாடறியா? உன்ன உட்டுட்டு இந்தக் கூடைங்கள தூக்கிக்கினு நான் போய் நின்னா கஸ்தூரிய அனுப்பிடுவாங்களா?"

"செத்த பொணமா போய் எறங்கினா மட்டும் அனுப்புவாங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் பஸ்ஸில் கூட்டம் ஏறிவிட்டது. கைக்குழந்தையோடு ஒரு பெண் என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று தவித்தாள். நான்தான் இறங்கப் போகிறேனே, "இந்தா, நீ குந்து தாயீ" என்று எழுந்துவிட்டேன். எழுந்தேன், இறங்கத்தான் முடியவில்லை. அத்தனை நெரிசல். பஸ் கிளம்பிவிட்டது. கூட்டம் தள்ளித் தள்ளி, டிரைவர் முதுகுக்குப் பின்னாலிருக்கும் கம்பியில் கொண்டுபோய் என்னைச் சேர்த்தது.

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடவும் இடமில்லை. எதிரே பெரிய கண்ணாடி, அதில் ரோடு வந்துகொண்டே இருந்தது.

ஷெட்டுக்குள் நிற்பது போல

நூல் சுற்றும் மிஷினில் நின்று வேலை பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும். மொத்த ஷெட்டும் அதிரும். தரை, சுவர், நம் வாய்க்குள் இருக்கும் பல் எல்லாம் அதிரும். புதிதாக வரும் பெண்கள் விறைப்பாக நின்று முதல் நாளே மயங்கி விழுவார்கள். காலை அகட்டி வைத்து, முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, மிஷின் ஆடும் பக்கம் நாமும் ஆட வேண்டும். கண் நூல் வரும் இடத்தில் இருக்க வேண்டும். இப்படிப் பல வருஷம் நின்றவள் நான்.

பஸ்ஸில் என் கால் தானாக அகன்றது. நான் சொல்லவில்லை, அதுவாகவே. முட்டி தளர்ந்தது. பஸ் வலது பக்கம் சாய்ந்தால் நானும் சாய்ந்தேன். பள்ளத்தில் இறங்கினால் நானும் இறங்கினேன். கண்ணாடியில் ரோடு நூல் மாதிரி வந்துகொண்டே இருந்தது. எங்கே வளையப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தது.

பரங்கிப்பேட்டைக்குத் திரும்பும் ரோட்டைத் தாண்டியபோதுதான் கவனித்தேன். குமட்டல் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வேறொன்று தெரிந்தது. பசிக்கிறது. பஸ்ஸில், எனக்கு, பசி!

சிதம்பரத்தில் பாதி பஸ் காலியாயிற்று. என் வீட்டுக்காரர் கத்தினார். "வா, வா, சன்னலு காலி ஆயிடுச்சு!"

போய் உட்கார்ந்தேன். ஒரு வளைவு, இரண்டு வளைவு. மூன்றாவதில் எலுமிச்சம்பழத்தைத் தேட ஆரம்பித்தேன். விடுவிடுவென்று எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சரியாகிவிட்டது.

கண்டக்டர் வந்தார். சின்ன வயது.

"இத்தினி சீட்டு காலியா இருக்குதே, உக்காரும்மா."

"உக்காந்தா உன் வண்டியத்தான் கழுவணும். பரவால்லயா?"

"நில்லும்மா, நில்லு. டிரைவரண்ணே, அம்மா உங்களுக்குத் தொணையா நிக்கறாங்களாம்."

டிரைவர் திரும்பாமலே சிரித்தார். கொள்ளிடம் பாலத்தின் மேல் பஸ் போனபோது, பெரிய கண்ணாடி முழுக்க ஆறுதான் தெரிந்தது. நாற்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக பஸ்ஸில் போய்க்கொண்டே ஒரு ஆற்றைப் பார்த்தேன். அதுவரைக்கும் பஸ் பயணத்தில் நான் பார்த்தது எல்லாம் என் மடிதான்.

இப்படியே சீர்காழி, தரங்கம்பாடி தாண்டி, காரைக்கால் வரைக்கும் நின்றேன்.

சம்பந்தியம்மா கையில் இருந்தது

முதல் ஆளாக இறங்கினேன். மாப்பிள்ளையோடு சம்பந்தியம்மாவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார்கள். எனக்குப் பழைய கோபம் சுரீரென்றது. முகத்தை நிமிர்த்திக்கொண்டேன்.

அவர்கள் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார்கள்.

"பேசாதீங்க சம்பந்தி. ஒண்ணும் பேசாதீங்க. மொதல்ல இதை முகத்துல வைங்க."

ஈரத் துண்டு. நன்றாகப் பிழிந்தது.

"இதை மோந்து பாருங்க."

எலுமிச்சம்பழம். நகத்தால் கீறியிருந்தது.

"வாயைத் தொறங்க." இஞ்சி மரப்பா உள்ளே வந்துவிட்டது.

நான் மென்றுகொண்டே விழித்தேன். "நான் நல்லாத்தான் இருக்கறேன் சம்பந்திம்மா."

"நல்லா இருக்கீங்களா? அவ்வளவு தூரம் பஸ்ஸுல வந்துட்டா? வாந்தி எடுக்கலையா?"

"கடலூரோட சரியாயிடுச்சு."

அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது பொறாமை. சத்தியமாகப் பொறாமைதான்.

"எனக்கெல்லாம் திருநள்ளாறு போறதுக்குள்ளயே கொடல் வெளிய வந்துடும்" என்றார்கள். பிறகு மாப்பிள்ளைக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்தினார்கள். "கல்யாணத்தன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல எறங்குறப்போ எனக்கு உசுரே இல்ல. வாயத் தொறந்தா உங்க ஆரத்தித் தட்டுலயே எடுத்திருப்பேன். அந்தச் சாம்பார் வாசனைக்கு மறுபடியும் பொரட்டிட்டு வந்துச்சு. ஓடிட்டேன்."

"அதுக்கா மூக்க மூடிக்கினு இருந்தீங்க?"

"பின்ன?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"மாப்பிள்ளைக்கு அம்மா, வந்த எடத்துல மொத காரியமா வாந்தி எடுத்தான்னு பேரு வாங்கவா? சரி, நீங்க ஏன் ரெண்டு வருஷமா வரல? மில்லு சம்பளம் வாங்குற திமிருன்னுல்ல நெனச்சேன்."

நான் இடுப்பிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். ஐந்து இஞ்சி மரப்பா, அப்படியே.

சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொத்தியும் அடங்கவில்லை. நானும் சிரித்தேன். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், "பொம்பளைங்க எதுக்குச் சிரிக்கறாங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். அவர், "எனக்கும் தெரியல மாமா" என்றார்.

வீட்டு வாசலில் கஸ்தூரி நின்றாள். வயிறு முன்னால், அவள் பின்னால். என்னைப் பார்த்ததும் அவள் முதலில் பார்த்தது என் காலை.

"அம்மா! பஸ்ஸுலயா வந்த?"

"பின்ன நடந்தா வருவேன்னு நெனச்ச?"

"ஆமாம்மா. நீ வர்றதா இருந்தா நடந்துதான் வருவன்னு நெனச்சேன். அதான் வரமாட்டன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான். அந்த வயிற்றுக்குள் இருந்தவள்தான் இப்போது இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறாள். "என்ன எதுக்கு ஆயா இழுக்கற?" என்கிறாள். அவள் எழுதட்டும்.

இரண்டு பேர் நின்றோம்

மறுநாள் காலை கிளம்பினோம். தெருவே வந்து வழியனுப்பியது. மாமியார் கூட வருவது வழக்கமில்லை. ஆனால் சம்பந்தியம்மா ஒரு பையோடு வந்து பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

"வழக்கம் கெடக்குது. நின்னா சரியாயிடும்னு சொன்னீங்கல்ல, நானும் பாக்குறேன். ஆனா பொய்யா இருந்துச்சு, உங்க பொடவையிலதான் எடுப்பேன்."

"எடுங்க. மில்லு பொடவதான்."

கஸ்தூரியை ஆட்டமில்லாத முன் சீட்டில், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தோம். பக்கத்தில் அவள் அப்பா. நாங்கள் இரண்டு பேரும் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றோம். "கால அகட்டுங்க. இன்னும் கொஞ்சம். முட்டிய வெறைக்காதீங்க. ரோட்டப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க" என்று புதுப் பெண்ணுக்கு மிஷின் பழக்குவது போலச் சொல்லிக்கொண்டே வந்தேன். மூக்கில் இரண்டு பேசரியும் மின்ன, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்கள் காலை அகட்டி நின்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கஸ்தூரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, வலிக்குது" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் திக்கென்றது. "சிரிச்சு வலிக்குதும்மா" என்றாள்.

தரங்கம்பாடியில் சம்பந்தியம்மா முந்தானையை மூக்குக்குக் கொண்டு போனார்கள். சீர்காழியில் கீழே விட்டார்கள். சிதம்பரம் தாண்டியதும் என் காதருகில் குனிந்தார்கள்.

"சம்பந்தி, பசிக்குது."

எனக்குத் தெரியும், வரும் என்று. ஒரு தூக்கு புளிச்சோற்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். மறுநாள்தான் புளிச்சோற்றுக்கு ருசியே. பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து, ஒரு உருண்டை உருட்டி அவர்கள் கையில் வைத்தேன். ஒரு கை கம்பியில், ஒரு கை வாயில். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே சாப்பிட்டார்கள்.

"கல்யாணத்துக்கும் நீங்கதான் சமைச்சீங்களா?"

"இல்ல சம்பந்திம்மா. அன்னைக்கு சமையக்காரரு."

"அப்ப அன்னைக்கு சாப்புடாதது ஒண்ணும் மோசமில்ல" என்று சொல்லிவிட்டு, ரோட்டைப் பார்த்தபடியே மறுபடியும் கையை நீட்டினார்கள்.